காற்றுக்கு நாடி பார்த்த கல்பாசி

செட்டிநாட்டுச் சமையலில் தாளிக்கிற கல்பாசியைக் கையில் எடுத்துப் பார்த்தால், மேலே சாம்பல் பூத்திருக்கும், அடிப்பக்கம் கரியாய்க் கறுத்திருக்கும், ஓரமெல்லாம் சுருண்டிருக்கும். லைக்கன் என்கிற இந்த உயிரின வகைதான் பாரிஸ் நகரத்தின் காற்றுக்கு நாடி பார்த்தது.

1866-இல் பின்லாந்துத் தாவரவியலாளர் வில்லியம் நைலாண்டர், பாரிஸின் லக்சம்பர்க் பூங்காவில் மரப்பட்டைகளில் செழித்திருந்த லைக்கன்கள் நகரின் மற்ற இடங்களில் அரிதாக இருப்பதைப் பதிவு செய்தார். காற்றின் தூய்மையை இவற்றைக் கொண்டே அளக்கலாம் என்றார். இன்றைய கருவிகள் இல்லாத காலத்தில் எவ்வளவு கூர்மையான பார்வை! லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் என்று பிறகு சொல்லப்பட்டபோது, அதை அவர் கடைசிவரை ஏற்கவே இல்லை.

லைக்கனுக்கு வேர் கிடையாது. இலைக்கு இருப்பதுபோன்ற மெழுகுத் தோலும் இல்லை. மழையும் பனியும் கொண்டுவருவதை உடம்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். நிலக்கரிப் புகையின் கந்தக டை ஆக்சைடும் அப்படியே உள்ளே போய், உணவு சமைக்கும் பாசியின் பச்சையத்தைக் கெடுத்துவிடும்.

அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பூங்காவின் லைக்கன்கள் மறைந்தன.

1970-இல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற இரு ஆய்வாளர்கள், மரத்தில் எந்த லைக்கன் இருக்கிறது என்பதை வைத்தே இங்கிலாந்து, வேல்ஸ் காற்றிலுள்ள கந்தக மாசை மதிப்பிடும் அளவுகோலை வகுத்தார்கள். சுழியம் என்றால் மோசம், பத்து என்றால் தூய காற்று.

கந்தகப் புகை தணிந்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து லைக்கன்கள் லக்சம்பர்க் பூங்காவுக்குத் திரும்பிவிட்டதை 1991-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.