கண்மாய்க் கரையும் காண்ட்ராக்டும்: பாலவனத்தம் சீமையில் அரசு வேலையின் கதை

பாலவனத்தம், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் அரசு வேலை எடுப்பது என்றால் நெடுங்காலமாகக் கண்மாய் வேலை எடுப்பதுதான். சாலை, பாலம், பள்ளிக் கட்டடம் எல்லாம் பின்னால் சேர்ந்தவை. குண்டாற்றில் வருஷத்தில் சில நாள்தான் தண்ணீர் ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கரை போட்டுத் தேக்கினால்தான் நஞ்சை விளையும். அந்தக் கரையில் கொட்டுகிற மண்ணுக்கு யார் கூலி கொடுப்பது, அதை யார் அளப்பது என்பது ஆட்சிக்கு ஆட்சி மாறி வந்திருக்கிறது.

ராமநாதபுரம் சேதுபதிகளின் சீமை 1803இல் கம்பெனியாரின் சனதுப்படி நிரந்தர ஜமீன் ஆனது. சேதுபதி மரபோடு உறவுடைய குடும்பம் பாலவனத்தம் ஜமீனை ஆண்டது. 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் (1867–1911) இந்த ஊர் ஜமீன்தார்தான். அந்தக் காலத்தில் மடை கட்டுவது, உடைந்த கரையைத் தூக்குவது போன்ற பெரிய வேலை ஜமீன் பொறுப்பு. எலிவளை அடைப்பது, வரத்துக்காலில் தூர் எடுப்பது போன்றவை குடிகள் பொறுப்பு, அதுவே குடிமராமத்து. எழுத்து ஒப்பந்தம் எதுவும் கிடையாது. விளைச்சலில் வாரம் வாங்கும் ஜமீனுக்குக் கண்மாய் நிறைந்தால் தன் பங்கும் கூடும் என்ற கணக்கு இருந்தது. பணத் தீர்வை வாங்குகிறவருக்கு அந்த அவசரம் இல்லை.

வழக்கம் தளரவே சட்டம் வந்தது. 1858இல் சென்னை அரசாங்கம் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டது. கரை உடையும் ஆபத்தில் ஊரார் இறங்கி வேலை செய்ய வேண்டும், வழக்கமான பங்கைச் செய்யாதவரிடம் பணமாக வசூலிக்கலாம் என்றது அது. காகிதத்தில் கடுமையான இந்தச் சட்டம் களத்தில் அதிகம் புழங்கவில்லை. ஜமீன் தன் பங்கைச் செய்யாவிட்டால் குடிகள் கலெக்டரிடம் முறையிட 1908ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டம் வழி செய்தது.

இதற்கிடையில் தாது வருஷப் பஞ்சம் (1876–78) புதிய முறை ஒன்றைக் காட்டிவிட்டுப் போனது. ராமநாதபுரம் ஜமீன் அப்போது கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற அரசு அமைப்பின் நிர்வாகத்தில் இருந்தது. மாகாணம் முழுவதும் அரசே பஞ்ச நிவாரண வேலைகளைத் திறந்து மண் வெட்டவும் கல் உடைக்கவும் ஆள் சேர்த்தது. 1877இல் இந்திய அரசாங்கத்தின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் கொண்டுவந்த கூலி, நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் அற்பக் காசும். அந்த அளவில் மண் சுமக்கிறவன் உயிர் தரிக்க மாட்டான் என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். அரசு வேலையின் விகிதம் கூலிக்காரன் வயிற்றைத் தொடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று இல்லை.

மண் வேலையை அளக்கும் கலை பழையது. மண் வெட்டுவதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட போயர்கள் கண்மாயின் உள்வாயில் குழி குழியாக வெட்டுவார்கள். பத்தடி நீளம், பத்தடி அகலம், ஓரடி ஆழம் வெட்டினால் 100 கன அடி. இன்றும் மண் வியாபாரத்தில் அதுவே ஒரு யூனிட். குழியின் நடுவில் ஒரு மண் திட்டை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். பழைய தரையின் புல்லோடு நிற்கும் அந்தத் திட்டின் உச்சியிலிருந்து குழியின் அடிவரை அளந்தால் எவ்வளவு ஆழம் போனது என்று தெரியும். ஓவர்சீயர் டேப் பிடித்து எழுதிய பிறகுதான் திட்டை இடிக்கலாம். திட்டின் தலையில் ஒரு கூடை மண்ணைப் போட்டு மிதித்து உயரம் ஏற்றுவதும் உண்டு. அதனால்தான் புல்லைப் பார்ப்பார்கள்.

1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து கண்மாய்கள் அரசுடையமை ஆயின. பின்னர் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கும் சிறியவை ஊராட்சி ஒன்றியத்துக்கும் என்று பிரிந்தன. அப்போதுதான் உள்ளூர்க் காண்ட்ராக்டர் என்ற ஆள் ஊருக்குள் எழுந்தார். துறையில் வகுப்புவாரியாகப் பதிவு செய்வது, டேவணித் தொகை கட்டுவது, மதிப்பீட்டுக்கு இத்தனை சதவீதம் கூட அல்லது குறைய என்று எழுதி உறையை ஒட்டிப் பெட்டியில் போடுவது என்று நடைமுறை அமைந்தது. மீன் பாசிக் குத்தகையும் கருவேல மர ஏலமும் இதற்கு நேர் எதிர். அங்கே அதிகம் கேட்டவருக்கு, இங்கே குறைத்துக் கேட்டவருக்கு.

குறைத்துக் கேட்பது எளிது. லாபத்தோடு முடிப்பதுதான் கஷ்டம். மண்ணை எத்தனை தூரம் கொண்டுபோவது, எத்தனை உயரம் ஏற்றுவது என்ற லீடும் லிஃப்டும்தான் விகிதத்தைத் தீர்மானிக்கின்றன. களத்துக்குப் போகாமல் மேஜையில் விகிதம் போட்டவர் கரிசலில் கையைச் சுட்டுக்கொள்வார். வேலை உத்தரவு ஆவணியில் வந்தால் மழைக்கு முன் முடியாது. மழை விழுந்துவிட்டால் எடுத்த பள்ளத்தில் வண்டல் படிந்து அளவும் போய்விடும். உதவிப் பொறியாளர் எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் எழுதி, மேலதிகாரி சரிபார்த்தால்தான் பில். அதுவரை டிராக்டர் வாடகையும் கூலியும் கைக்காசு. தொழிலில் நின்றவர்கள் மிகக் குறைத்து எடுத்தவர்கள் அல்லர், பில் வரும்வரை தாக்குப்பிடித்தவர்கள்.

போட்டியாளர்கள் முன்கூட்டியே பேசிவைத்து ஒருவருக்கு விட்டுக்கொடுக்கும் சிண்டிகேட் டெண்டருக்கு உடன்பிறந்த நோய். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் (1998), அதன் 2000ஆம் ஆண்டு விதிகள் ஆகியவை மாவட்ட டெண்டர் இதழில் அறிவிப்பு, வந்தவர்கள் முன்னிலையில் உறை பிரிப்பு, முடிவை எதிர்த்து மேல்முறையீடு ஆகியவற்றைக் கட்டாயமாக்கின. இப்போது உறைக்குப் பதில் மின்-கொள்முதல் தளம். மற்றவர் உறை போடாமல் தடுக்கப் பெட்டியைச் சுற்றி ஆள் நிறுத்துவது அதனால் ஓரளவு குறைந்தது.

2008இல், இந்த வட்டாரம் அடங்கிய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்த நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஒப்பந்தக்காரருக்கு இடமே இல்லை. 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே தமிழக அரசு ஒரு திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள். டெண்டர் இல்லாமல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கத்திடமே வேலை ஒப்படைக்கப்பட்டது. பத்தில் ஒரு பங்கைச் சங்கம் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ போட வேண்டியிருந்தது. சங்கத்தின் பெயரில் பழைய காண்ட்ராக்டரே வேலை பார்க்கிறார் என்ற புகார் பல மாவட்டங்களில் எழுந்தது. அது வியப்பல்ல. பொக்லைன் வாடகையைப் பில் வரும்வரை கைக்காசில் கொடுக்கக்கூடியவர் பெரும்பாலும் ஊரில் அவர் ஒருவர்தான்.