எண்ணும் நிலமும்: சென்னையின் அடித்தள ஆய்வுகளில் ‘என்’ மதிப்பை எவ்வளவு நம்பலாம்?

ஏறத்தாழ 0.4 ஹெக்டேர் பரப்புள்ள கட்டட மனைக்கு நான்கு மூலைகளிலும் நடுவிலுமாக ஐந்து துளைகள் போதும் என்றது ஐ.எஸ். 1892 தர விதியின் 1979 பதிப்பு. துளை ஒவ்வொன்றும் 150 மி.மீ. விட்டம் என்று கொண்டால், ஐந்தின் பரப்பும் சேர்ந்து 0.09 சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். அதாவது மனையில் சுமார் 45,000-இல் ஒரு பங்கைத்தான் தொட்டிருக்கிறோம். மற்றதெல்லாம் ஊகம். ஊகிப்பது குற்றமில்லை, மண் பொறியியல் என்பதே நெறிப்பட்ட ஊகம்தான். ஆனால், துளைகள் போதவில்லை என்று மட்டும் குறைபட்டுக்கொள்வது நோயை இடம் மாற்றிப் பார்ப்பதாகும். போட்ட துளையில் எண் எப்படிக் கிடைத்தது என்ற வரலாறு அறிக்கைக்கு வந்து சேர்வதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நம் ‘சாயில் டெஸ்ட்’ அறிக்கைகளின் முதுகெலும்பு ‘என்’ மதிப்பு. 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, பிளவுக்குழாயை 45 செ.மீ. இறக்குகிறார்கள். முதல் 15 செ.மீ.க்கான அடிகளைத் தள்ளிவிட்டு, அடுத்த 30 செ.மீ.க்கான அடிகளைக் கூட்டினால் அதுவே ‘என்’. கணக்குப்படி ஓர் அடியின் ஆற்றல் சுமார் 467 ஜூல். களத்தில் நிலைமை வேறு. முக்காலி நிற்கிறது, வின்ச் உருளையில் கயிறு சுற்றியிருக்கிறது, கயிற்றை ஒருவர் இழுத்துத் தளர்த்துகிறார். சுற்று ஒன்று கூடினால் உராய்வு கூடும். கை சோர்ந்தால் உயரம் குறையும். ஆற்றலில் 45 விழுக்காடு மட்டுமே தண்டுக்குப் போய்ச் சேர்ந்த இடத்தில் 20 என்று வந்த எண், வழக்கமான 60 விழுக்காட்டு அளவுகோலுக்குத் திருத்தினால் 15 ஆகும். தானாக விடுபடும் சுத்தியலில் 75 விழுக்காடு சேர்ந்திருந்தால் அதே 20, 25 ஆகும். சுத்தியலின் வகையைக்கூடக் குறிப்பிடாத அறிக்கையில் இந்த 15-க்கும் 25-க்கும் இடையில் எதைக் கொள்வது? மண்ணின் குணம் என்று நாம் படிப்பதில் ஒரு பகுதி கயிற்றின் குணம்.

நீர் இன்னொரு சிக்கல். கடலோர மணலில் துளைக்குள் உள்ள நீர்மட்டம் வெளி நிலத்தடி நீரைவிடத் தாழ்ந்தால், நீர் கீழிருந்து பீறிட்டு அடிமணலைத் தளர்த்திவிடும். கெட்டியான மணலும் அப்போது பொலபொலப்பாகத் தெரியும். பள்ளிக்கரணைச் சதுப்பையொட்டிய சேற்றுக்களியிலோ பிளவுக்குழாய் ஓரிரு அடியிலேயே இறங்கிவிடுவதுண்டு. அங்கே ‘என்’ 2 என்றோ 3 என்றோ எழுதிவைப்பதால் பயனில்லை. இறகுக்கத்திச் சோதனையும் குலையாத மண் மாதிரியும்தான் பேசும். இதை மறுப்பார் இல்லை, செய்வார்தான் குறைவு.

சென்னைக்கே உரிய வலை, கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துச் சார்னோக்கைட்டில் இருக்கிறது. (கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து இப்பெயர் வந்தது, நம் ஊர்ப் பாறைக்கு அவர் பெயர்!) இப்பாறை பிளவுகள் வழியே மக்கும்போது, நடுவில் மக்காத உருண்டைகள் அப்படியே தங்கிவிடும். சுற்றிலும் மக்கிய மண், உள்ளே குண்டுக்கல். பிளவுக்குழாய் குண்டுக்கல்லில் மோதி நின்றால், ‘இறங்கவில்லை, பாறை வந்துவிட்டது’ என்று எழுதிவிட்டு முக்காலியைக் கழற்றிவிடுகிறார்கள். பைல் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்தால், கல் உட்கார்ந்திருப்பது மக்கிய மண்ணில். இதற்கு மருந்து தெரிந்ததே: குறைந்தது 3 மீட்டராவது தொடர்ந்து குடைந்து, கல்துண்டுகளை வெளியே எடுத்துப் பெட்டியில் வரிசையாக அடுக்கிப் பார்ப்பது. 10 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள துண்டுகள் எவ்வளவு, நடுவில் மண் வந்ததா என்பதைப் பெட்டியே சொல்லும். மீட்டர் கணக்கில் கூலி பேசும்போது, பாறையில் குடையும் மீட்டர்தான் விலை கூடியது. அது எங்கே வெட்டப்படும் என்று சொல்லத் தேவையில்லை.

‘இதற்கெல்லாம் பாதுகாப்புக் காரணி இருக்கிறதே, போதாதா?’ என்பார்கள். தாங்குதிறனுக்கு அது ஓரளவு உதவும், அமிழ்வுக்கு உதவாது. அது மட்டுமல்ல, கட்டுமானமே நிலத்தை மாற்றுகிறது. தரைக்கீழ்த் தளத்துக்காக நிலத்தடி நீரை 5 மீட்டர் இறக்கினால், பக்கத்து வீட்டின் அடிமண்ணில் பயனுறு தகைவு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 கிலோநியூட்டன் வரை கூடும். நாலைந்து மாடிகளை ஓசையில்லாமல் ஏற்றிவைத்ததற்குச் சமம் அது. ஷாங்காயில் 2009 ஜூன் 27 அன்று 13 மாடிக் குடியிருப்பு ஒன்று ஏறக்குறைய முழு உருவோடு சாய்ந்து விழுந்தது. ஒரு பக்கம் வாகன நிறுத்தத்துக்காக 4.6 மீட்டர் தோண்டியிருந்தார்கள். மறு பக்கம் சுமார் 10 மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் குவித்திருந்தார்கள். பக்கவாட்டு அழுத்தத்தில் பைல்கள் முறிந்தன. தொழிலாளி ஒருவர் இறந்தார். தோண்டும் முன் எழுதப்படும் எந்த மண் அறிக்கையும் அந்த மண்குவியலைக் கண்டிருக்க முடியாது.

ஆகவே ஆறாவது துளையைக் கேட்குமுன் மூன்றைக் கேட்போம். ஒவ்வொரு 15 செ.மீ.க்கும் தனித்தனியே அடிகளும் சுத்தியலின் வகையும் குறித்த களத்தாள். துளை முடிந்து 24 மணி நேரம் கழித்து எடுத்த நீர்மட்டம். கல்துண்டுப் பெட்டியின் படம். கூடவே, அஸ்திவாரக் குழி வெட்டி முடிந்ததும், கான்கிரீட் போடுமுன், அறிக்கையில் கையெழுத்திட்டவரே குழிக்குள் இறங்கி அடிமண்ணைப் பார்த்து மறுபடி கையெழுத்திட வேண்டும். பெரும்பாலான மனைகளில் இது ஒருநாள் வேலை.