இந்தியப் படைப் பதக்கமும் பாளையக்காரர் போரும்

இந்தியப் படைப் பதக்கம் என்பது 1803 முதல் 1826 வரை இந்தியாவிலும் பர்மாவிலும் நடந்த போர்களில் பங்கேற்றவர்களுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1851 மார்ச் மாதம் அறிவித்த போர்ப் பதக்கம் ஆகும். பதக்கத்தில் பொறிக்கப்பட்டுள்ள ஆண்டுகளோ 1799–1826. அந்தக் காலத்துக்குள் அடங்கும் பாஞ்சாலங்குறிச்சிப் போர் இதில் சேர்க்கப்படவில்லை.

வடிவமைப்பு

வட்ட வடிவிலான இந்த வெள்ளிப் பதக்கத்தை வடிவமைத்தவர் வில்லியம் வையன். முன்புறத்தில் விக்டோரியா அரசியின் தலை உருவம் உள்ளது. பின்புறத்தில் பனை இனத்து மரத்தின் அருகே வெற்றித் தேவதை அமர்ந்திருக்கிறாள். மேலே "இந்தியப் படைக்கு" என்ற பொருள்படும் ஆங்கில வாசகமும், கீழே ஆண்டுகளும் உள்ளன. நாடா வெளிர்நீல நிறமுடையது. வீரர் பங்கேற்ற ஒவ்வொரு போருக்கும் அதன் பெயர் பொறித்த உலோகப் பட்டை நாடாவில் கோக்கப்பட்டது.

தகுதி

அசாயே, நாக்பூர், கோரேகான், ஆவா, பரத்பூர் உள்ளிட்ட 21 பட்டைகள் ஏற்கப்பட்டன. பட்டை இல்லாமல் பதக்கம் மட்டும் வழங்கப்படவில்லை. பதக்கம் அறிவிக்கப்பட்டபோது உயிருடன் இருந்தவர்களே அதைக் கோர முடியும். இறந்தவரின் வாரிசுகள் கோர முடியாது. முதல் போர் முடிந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியிருந்ததால், போரிட்டவர்களில் பெரும்பாலோர் அதற்குள் இறந்துவிட்டனர். மொத்தம் சுமார் 4,500 பதக்கங்களே வழங்கப்பட்டன.

விடுபட்ட போர்

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று, கோவில்பட்டிக்குத் தெற்கேயுள்ள கயத்தாறில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையும் அவர் கூட்டத்தாரும், இடிக்கப்பட்ட மண்கோட்டையை மீண்டும் எழுப்பினர். மார்ச் 31 அன்று மேஜர் மெக்காலே நடத்திய தாக்குதல் தோல்வியடைந்தது. பெரும்படையுடன் வந்த கர்னல் அக்னியூ மே 24 அன்றுதான் கோட்டையைப் பிடித்தார்.

பட்டை பெற்ற முதல் போர் 1803 செப்டம்பரில் நடந்த அலிகார் முற்றுகை என்பதால், கரிசல் பூமியில் நடந்த இப்போர் பட்டியலுக்கு வெளியே நின்றது. இங்கு மாண்ட கம்பெனிப் படையினரின் கல்லறைகள் பாஞ்சாலங்குறிச்சி அருகே இன்றும் உள்ளன. இப்போர் பட்டியலில் இடம்பெற்றிருந்தாலும், உயிருடன் இருப்பவர்களுக்கே பதக்கம் என்ற விதியால் அவர்களுக்கு அது கிடைத்திருக்காது. அவர்களை எதிர்த்து நின்றவர்களின் நினைவாகக் கயத்தாறில் கட்டபொம்மன் சிலையும், பாஞ்சாலங்குறிச்சியில் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையும் நிற்கின்றன.