ஜப்தி, ஏலம், மீட்பு: சேலம் பக்கத்தில் வீட்டைக் காப்பாற்றிய சட்டங்கள்

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் சேந்தமங்கலம் இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. 1997-க்கு முன்பு அது சேலம் மாவட்டம். (அதற்கும் முன்னால் நாமக்கல் வட்டத்தைக் கொஞ்ச காலம் திருச்சிராப்பள்ளியோடு சேர்த்து வைத்திருந்தார்கள், அது தனிக்கதை.) மாவட்டத்தின் பெயர் எதுவானாலும் இந்தப் பக்கத்து விவசாயம் கிணற்றையும் மழையையும் நம்பியே நடந்தது. கிணறு வெட்டக் கடன், மாடு வாங்கக் கடன், கல்யாணத்துக்குக் கடன், மழை பொய்த்தால் சாப்பாட்டுக்கே கடன். ஈடாகக் கொடுக்கக் குடியானவரிடம் இருந்ததோ நிலமும் வீடும்தான்.

அந்தக் கடனைத் திருப்ப முடியாமல் போனால் வீட்டைக் காப்பாற்ற என்ன வழி இருந்தது? சட்டத்தில் வழிகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆனால் வாங்கிய தொகை எவ்வளவு என்பதைவிட, எந்தப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தார், எந்தத் தேதிக்குள் கோர்ட்டுப் படி ஏறினார் என்பதுதான் பல குடும்பங்களின் தலையெழுத்தைத் தீர்மானித்தது.

முதலில் பத்திரங்களைப் பார்க்கலாம். எளிமையானது புரோநோட்டு. இதில் சொத்து எதுவும் ஈடாக இல்லை. கடன்காரர் வழக்குப் போட்டு டிக்ரி வாங்கி, அதன்பிறகுதான் சொத்தை ஜப்தி செய்ய முடியும். அங்கேயும் ஒரு தடை உண்டு. 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, விவசாயி குடியிருக்கும் வீட்டையும் அதை ஒட்டிய மனையையும் ஜப்தி செய்யக்கூடாது என்கிறது. (கூலித் தொழிலாளியின் வீடும் வீட்டு வேலை செய்பவரின் வீடும் 1976 திருத்தத்தில்தான் இந்தப் பாதுகாப்புக்குள் வந்தன.) ஆனால் அதே வீட்டை அடமானமாக எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு உதவாது. அடமான டிக்ரியில் ஜப்தி என்ற படியே இல்லை, நேராக ஏலம்தான். விவரம் தெரிந்த லேவாதேவிக்காரர் ஏன் புரோநோட்டோடு நிற்காமல் அடமானப் பத்திரம் கேட்டார் என்பது இதிலேயே புரிந்துவிடும்.

அடமானங்களை வகைப்படுத்தியது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம். சாதாரண அடமானத்தில் வீடு கடன் வாங்கியவர் கையிலேயே இருக்கும். போக்கியத்தில் சொத்து கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடும், வட்டிக்குப் பதில் விளைச்சலையோ வாடகையையோ அவர் எடுத்துக்கொள்வார். (தென் மாவட்டங்களில் இதையே ஒத்தி என்பார்கள்.) எந்த வகையாக இருந்தாலும் பணத்தைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமையை 60-ஆவது பிரிவு கொடுத்தது. பத்திரத்திலேயே "குறித்த நாளில் கட்டாவிட்டால் மீட்க முடியாது" என்று எழுதி வாங்கினாலும் செல்லாது என்பது நீதிமன்றங்கள் தொடர்ந்து சொல்லிவந்த விதி.

கடன் வாங்கியவரைக் கவிழ்த்தது பெரும்பாலும் நான்காவது வகைக் காகிதம், அதாவது கிரயம். "இப்போதைக்குக் கிரயமா எழுதிக் குடு, பணத்தைக் கட்டினதும் திருப்பி எழுதித் தர்றேன்" என்ற வாய் வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடுவது. 1929-இல் ஒரு திருத்தம் வந்தது. திருப்பித் தரும் நிபந்தனை அந்தக் கிரயப் பத்திரத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால்தான் அதை அடமானமாகக் கொள்ள முடியும் என்றது. தனிக் காகிதத்தில் இருந்தாலோ வாய்ப்பேச்சாக இருந்தாலோ அது விற்பனைதான். மீட்பு உரிமை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இந்த விதி இன்றுவரை மாறவில்லை.

அதே 1929-இல்தான் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியது. சென்னை மாகாணத்தில் விளைபொருள் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. கடன் தொகை மட்டும் சரியவில்லை. முன்பு பத்து மூட்டை விற்றுக் கட்டிய வட்டிக்கு இப்போது இருபது மூட்டை விற்க வேண்டும். மாகாணத்தின் விவசாயக் கடன் 45 கோடி ரூபாய் இருக்கும் என்று 1895-இல் ஃபிரெடரிக் நிக்கல்சன் மதிப்பிட்டிருந்தார். 1930-இல் வங்கி விசாரணைக் குழு சொன்ன கணக்கு 150 கோடி. 1935-இல் சத்தியநாதன் அறிக்கை சொன்னது 200 கோடி. முப்பத்தைந்து வருடத்தில் ஏறிய கடனில் பாதி அளவு கடைசி ஐந்தே வருடத்தில் ஏறியிருக்கிறது!

இந்த நெருக்கடி இங்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் 1933-இல் அடமான ஏலங்களைத் தள்ளிவைக்கச் சட்டம் போட்டது. ஒப்பந்தத்தில் அரசு கைவைக்கலாமா என்ற கேள்வி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், 1934-இல் ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழையில் சட்டம் தப்பியது. அதே 1933-இல் அங்கே மத்திய அரசு தொடங்கிய வீட்டுக்கடன் நிறுவனம் சுமார் பத்து லட்சம் குடும்பங்களின் பழைய கடனைத் தான் வாங்கி, நீண்ட தவணையாக மாற்றிக் கொடுத்தது.

சென்னை மாகாணத்தில் 1936-இல் கடன் சமரசச் சட்டம் ஒன்று வந்தது. இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவதுதான் அதன் வேலை. கடன் கொடுத்தவர் ஒத்துக்கொண்டால்தானே சமரசம்? பெரிய மாற்றம் 1937 ஜூலையில் ராஜாஜி பிரதமரான பிறகுதான் வந்தது. (அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்றே அழைத்தார்கள்.) அவர் 1900-இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கியவர், திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் வைத்தவர். அவருடைய சட்ட அமைச்சரும் இந்தப் பக்கத்துக்காரர்தான், குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன். விவசாயி கடன் நிவாரணச் சட்டத்தை ஒரு ஜமீன்தார் இருந்த அமைச்சரவை கொண்டுவந்தது கொஞ்சம் வேடிக்கைதான்.

1938 மார்ச் 22 அன்று அமலுக்கு வந்த சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம் நேராகக் கணக்கிலேயே கைவைத்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 அன்று பாக்கியிருந்த வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால், அது வட்டியாகப் போயிருந்தாலும் அசலாகப் போயிருந்தாலும் சரி, கடனே தீர்ந்தது. உதாரணத்துக்கு 1928-இல் 500 ரூபாய் வாங்கி, அசலில் ஒரு காசும் குறையாமல் வட்டியாக மட்டும் 700 ரூபாய் கட்டியவர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மடங்கான 1000-க்கு இன்னும் 300 குறைகிறது. அந்த 300-ஐக் கட்டினால் போதும். 1932 அக்டோபருக்குப் பிந்திய கடன்களுக்கு 5 சதவீதத் தனிவட்டிதான் என்று கணக்கு மாற்றப்பட்டது. (சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியதும் இதே 1937 அக்டோபர் 1 அன்றுதான். ஒரே தேதி, இரண்டு சட்டங்கள்.)

ஏலத்துக்குப் போன சொத்தைப் பற்றிச் சட்டம் சொன்னது இன்னும் துணிச்சலானது. 1937 அக்டோபர் 1-க்குப் பின் கோர்ட் ஏலத்தில் விற்கப்பட்டுப்போன நிலமோ வீடோ இருந்தால், சட்டம் வந்த 90 நாளுக்குள் மனுப் போட்டு அந்த ஏலத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். இன்னும் ஏலம் நடக்காத டிக்ரி என்றால், நிறைவேற்றத்தை நிறுத்திவைக்கச் சொல்லலாம், ஆனால் 60 நாளுக்குள் கடனைக் குறைக்கும் மனுவைப் போட்டுவிட வேண்டும். சட்டத்தை ஆங்கிலத்தில் எழுதி, எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கு 90 நாள் கெடு வைப்பது பெரிய சலுகையா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். வக்கீலையோ விவரம் தெரிந்த மணியக்காரரையோ நேரத்துக்குப் பிடித்தவர் பிழைத்தார்.

இன்னொரு குறையும் இருந்தது. விவசாயி என்றால் விவசாய நிலத்தில் உரிமை உள்ளவர் என்பது சட்டத்தின் விளக்கம். சேலம் டவுனில் தறியும் சிறு வீடும் மட்டுமே சொத்தாக வைத்திருந்த நெசவாளி அதற்குள் வரவில்லை. நிலமே இல்லாத கூலிக்காரருக்கும் எதுவும் இல்லை.

கடன் கொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? புரோநோட்டு பற்றிச் சட்டம் போட மாகாணத்துக்கு அதிகாரமே இல்லை என்று ஒரு செட்டியாருக்கும் ஒரு கவுண்டருக்கும் இடையிலான வழக்கு டெல்லி ஃபெடரல் கோர்ட் வரை போனது. 1940-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. கோர்ட்டில் தோற்ற விஷயத்தைப் பத்திரத்தில் ஜெயிக்க முடிந்தது. அடமானக் கடனுக்கு வட்டி வெட்டுப்படும் என்றால், கிரயமாகவே எழுதி வாங்கிக்கொள்ளலாமே! 1929 திருத்தம் அவர்களுக்குக் கைகொடுத்தது. போக்கியத்துக்கும் 1938 சட்டத்தில் பெரிய ஓட்டை இருந்தது. வட்டி விகிதம் எழுதாத போக்கியங்களைச் சட்டம் தொடவில்லை. 1948 திருத்தம்தான் அதை அடைத்தது. முப்பது வருடம் சொத்தை அனுபவித்துவிட்ட போக்கியதாரருக்குக் கடன் தீர்ந்ததாகவே கருதப்படும் என்றது.

பல விவசாயிகளின் கடனைக் கடைசியில் தீர்த்து வைத்தது இரண்டாம் உலகப்போர்தான். விலைவாசி ஏறியதும் விற்க விளைச்சல் வைத்திருந்தவர்கள் கடனை அடைத்தார்கள். 1946-இல் பி.வி. நாராயணசாமி நாயுடு தந்த அறிக்கை இதை உறுதிப்படுத்தியது. பெரிய நிலக்காரரின் கடன் குறைந்திருந்தது, கூலிக்காரரின் கடனோ ஏறியிருந்தது.

இனி 2002. வங்கிகள் கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வழி செய்த சர்ஃபாசி சட்டம் அந்த ஆண்டு வந்தது. இது ஏதோ புது யோசனை என்று பலர் நினைக்கிறார்கள். சென்னை மாகாணத்தின் 1934-ஆம் ஆண்டு நிலஅடமான வங்கிச் சட்டமே கூட்டுறவு நிலஅடமான வங்கிகளுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தது! புதிதாக வந்தது அளவுதான். வீட்டுக்கடன் வாங்கிய சம்பளக்காரர், வீட்டை ஈடுவைத்து லாரி வாங்கியவர் எல்லோரும் இதற்குள் வந்துவிட்டார்கள்.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. 1908 சட்டம் விவசாயியின் வீட்டை ஜப்தியிலிருந்து காத்தது, காட்டை விட்டுவிட்டது. 2002 சட்டம் விவசாய நிலத்துக்கு விலக்குக் கொடுத்தது, வீட்டை விட்டுவிட்டது. சேந்தமங்கலத்தில் ஒரே குடும்பம் காட்டையும் வீட்டையும் வங்கியில் ஈடுவைத்திருந்தால், சர்ஃபாசி நோட்டீஸ் வீட்டுக்குத்தான் வரும்.

கெடு நாட்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிவில் கோர்ட் வழியாக அடமான ஏலம் நடந்தால், ஏலம் முடிந்த பிறகும், கோர்ட் அதை உறுதிசெய்வதற்கு முன்புவரை, கடனோடு ஏலத்தொகையில் 5 சதவீதத்தைச் சேர்த்துக் கட்டி வீட்டை மீட்கலாம். சர்ஃபாசியில் முதலில் விற்பனைக்குக் குறித்த நாளுக்கு முன்புவரை அவகாசம் இருந்தது. 2016 திருத்தம் அதையும் சுருக்கியது. ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பே முழுப் பணத்தையும் கட்டியாக வேண்டும். 2023 செப்டம்பரில் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லிவிட்டது. ராஜாஜி காலத்தில் விற்றுப்போன வீடே திரும்பி வந்தது. இப்போது பேப்பரில் விளம்பரம் வந்தாலே மீட்பு உரிமை போய்விடுகிறது.

அதனால் இன்று வீட்டைக் காப்பாற்ற நினைப்பவருக்கு உள்ள காலம் முதல் நோட்டீசுக்குப் பிந்திய 60 நாள்தான் என்று வைத்துக்கொள்வது நல்லது. அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளில் காரணம் சொல்லிப் பதில் தர வேண்டும். தவணையை மாற்றிக் கேட்பதும் ஒரே தொகையாகப் பேசி முடிப்பதும் இந்தக் கட்டத்தில்தான் எளிது. தானே நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைக்கலாம், ஆனால் நோட்டீஸ் வந்தபிறகு வங்கியின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் விற்கக்கூடாது. வங்கி சுவாதீன நடவடிக்கை எடுத்துவிட்டால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயம் போகலாம். முன்பு இதற்குப் பாக்கியில் 75 சதவீதம் கட்டிவிட்டு வரச் சொன்னார்கள். 2004-இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. பாக்கி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டாலோ, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி இருந்தாலோ இந்தச் சட்டமே பொருந்தாது.

கடனை அடைத்த பிறகும் ஒரு வேலை பாக்கி உண்டு. பதிவு செய்த அடமானத்துக்கு ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் அப்படியே நிற்கும். தாத்தா என்றோ அடைத்த கடனுக்கு, வீட்டை விற்கப் போகும் பேரன் ரசீதைத் தேடி அலைவது இப்படித்தான்.