ஆட்டமும் உடைமையும்: ‘ஸ்பேஸ்வார்’ வழி ஒரு வரலாற்று நோக்கு

வீடியோ விளையாட்டு வரலாற்றாய்வுக்குரிய பொருளாகுமா என்ற ஐயம் நம்மவரிடையே இன்னும் முற்றாக நீங்கியதாகத் தெரியவில்லை. நாவலும் திரைப்படமும் ஒருகாலத்தில் இதே ஐயத்தை எதிர்கொண்டவையே என்பதால் அவ்விவாதத்தினுள் நாம் புகவில்லை. இத்தகைய படைப்புகளுள் எவை, எதனாற் பிழைக்கின்றன என்பதே ஈண்டு நமது வினா.

1961இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்துக்குப் பிடிபி-1 என்னும் கணனி அன்பளிப்பாகக் கிடைத்தது. ஏறத்தாழ 120,000 டொலர் பெறுமதியான அவ்வியந்திரத்தில் ஸ்ரீவ் றசலும் தோழர்களும் 1962இல் உருவாக்கிய ஆட்டமே ‘ஸ்பேஸ்வார்’. நடுவிலுள்ள விண்மீனின் ஈர்ப்பிற் சிக்காது இரு விண்கலங்கள் ஒன்றையொன்று அழிக்க முனைகின்றன. ஈர்ப்பைச் சேர்த்தவர் டான் எட்வேட்ஸ். உண்மை வானத்து விண்மீன்களைப் பின்னணியாக அமைத்தவர் பீற்றர் சாம்சன். கணனியின் ஆளிகளைக் கொண்டு ஆடுவது சிரமமாயிருந்தமையால் தனியான கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் செய்யப்பட்டன. ஒருவர் செய்ததை மற்றவர் திருத்தினார். எவரும் விலை கூறவில்லை. துளையிட்ட கடதாசி நாடாக்களிற் படியெடுக்கப்பட்டு, பிடிபி-1 இருந்த ஏனைய இடங்களுக்கும் அது பரவியது. பின்னர் வேறு கணனிகளுக்கேற்பவும் எழுதப்பட்டது.

இக்கூட்டுழைப்பை இலட்சியப்படுத்துதல் தவறு. பனிப்போர்க்கால அமெரிக்காவிற் கணனி ஆய்வு பெரிதும் பாதுகாப்புத்துறை நிதியிலேயே வளர்ந்தது. ஆயினும் ‘ஸ்பேஸ்வார்’ பண்டமாக இருக்கவில்லை. அதனை அடியொற்றிய ‘கம்பியூட்டர் ஸ்பேஸ்’ 1971இல் நாணயமிட்டு ஆடும் பொறியாகச் சந்தைக்கு வந்தது. அதன்பின் வளர்ந்த தொழிற்றுறையிற் செய்நிரல் வணிக இரகசியமாயிற்று.

கலிபோர்ணியாவின் மவுண்டன் வியூவிலுள்ள கணனி வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு பிடிபி-1 மீளவும் இயங்கச் செய்யப்பட்டது. சாம்சனும் அப்பணியிற் பங்குகொண்டார். எந்தக் கணனியிலும் இவ்வாட்டத்தை இன்று ஆடலாமாயின், பழைய இயந்திரத்தோடு ஏன் இத்துணைப் பாடு? அதன் வட்டத் திரையில் ஒளிப்புள்ளி நீலவெண்மையாகத் தோன்றி, மஞ்சள் கலந்த பச்சையாக மெல்ல மங்கும். விண்கலத்தின் பின்னே ஓர் ஒளித்தடம் நீளும். அத்தடம் செய்நிரலில் எழுதப்படவில்லை. திரையின் இரசாயனப் பூச்சு தந்தது. கூத்து ஏட்டைக் காப்பதால் மாத்திரம் ஆட்டமும் மத்தளமும் காக்கப்படுவதில்லை என்பதை அறிந்த நமக்கு இது புதிதன்று.

எனினும் இயந்திரங்கள் என்றேனும் ஓயும். பழைய கணனியின் இயக்கத்தைப் புதிய கணனியிற் போலச்செய்தல் தவிர்க்கவியலாதது. நியூயோர்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் 2004இல் நடத்திய கண்காட்சியில், கிறேயம் வைன்பிறென், றொபேட்டா பிறீட்மன் ஆகியோர் 1980களில் ஆக்கிய ‘ஏர்ல் கிங்’ என்ற ஊடாட்டக் காணொளிப் படைப்பின் மூலமும் போலச்செய்த வடிவமும் அருகருகே வைக்கப்பட்டன. பார்வையாளர் இரண்டையும் தொட்டு இயக்கி ஒப்பிடக்கூடியதாயிருந்தது.

ஆகவே தொழினுட்பத்தை மாத்திரம் குறைகூறுதல் பொருந்தாது. 2010க்கு முன் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 சதவீதமானவை சந்தையிற் கிடைப்பதில்லையென வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளையின் 2023ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. விற்பதற்கில்லாதவற்றையேனும் ஆய்வாளர் தொலைவிலிருந்து அணுக நூலகங்களை அனுமதிக்குமாறு கோரப்பட்டபோது, 2024 ஒக்ரோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் அதற்கு இணங்கவில்லை. ஏனைய செய்நிரல்களுக்கு இவ்வனுமதி 2021இலேயே கிட்டியிருந்தது. விளையாட்டுகளைப் பொழுதுபோக்குக்காகவும் ஆடிவிடுவர் என்ற அச்சம் காரணமாகக் காட்டப்பட்டது! நாவலை இன்பத்துக்காக வாசிப்பவரை எந்த நூலகமும் வெளியேற்றியதாக நாமறியோம்.

இவ்வுடைமையுறவின் முதிர்ந்த நிலையை ‘த குறூ’ என்னும் ஓட்டப்பந்தய விளையாட்டிற் காண்கிறோம். 2014இல் வெளிவந்த அதன் சேவையகங்களை யுபிசொஃப்ற் நிறுவனம் 2024 மார்ச் 31இல் நிறுத்தியது. விலைகொடுத்து வாங்கியவர் தனித்து ஆடுவதுங்கூட அன்றோடு முடிந்தது. அதன்பின் எழுந்த இயக்கம், கைவிடப்படும் விளையாட்டுகளை ஆடக்கூடிய நிலையில் விட்டுச்செல்ல நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துமாறு ஐரோப்பிய ஒன்றியத்தைக் கோரியது. 2025 ஜூலைக்குள் அக்கோரிக்கையிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டிருந்தனர்.