விட்டுவிட்டு வரும் நெஞ்சுப் படபடப்பு: கண்டறிதல்
ஓடியாடும் இளைஞருக்கு எப்போதாவது நெஞ்சு படபடக்கும். மருத்துவரிடம் போவதற்குள் அடங்கிவிடும். பிறகு எடுக்கும் இ.சி.ஜி. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆனாலும் அதைக் கூர்ந்து படிக்க வேண்டும். பி.ஆர். இடைவெளி 0.12 நொடிக்குக் குறைந்து, கியூ.ஆர்.எஸ். அலையின் தொடக்கம் சரிந்திருந்தால், 1930இல் விவரிக்கப்பட்ட உல்ஃப்–பார்க்கின்சன்–ஒயிட் நோய்க்குறியாக (இதயத்தில் கூடுதல் மின்பாதை) இருக்கலாம். தினமும் வரும் படபடப்புக்கு இதயத் துடிப்பை உடலோடு இருந்தே பதியும் 24 மணிநேர ஹோல்டர் கருவி போதும். அமெரிக்காவின் மொன்டானாவில் நார்மன் ஹோல்டர் முதலில் உருவாக்கியது, முதுகில் சுமக்க வேண்டிய சுமார் 38 கிலோ கருவி! மாதம் ஒருமுறை வருவதைப் பிடிக்க வாரக்கணக்கில் பதியும் கருவி வேண்டும். ரத்தசோகை, தைராய்டு சோதனைகளும் செய்வார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானவை இரண்டு கேள்விகள்: ஓடும்போதே மயங்கி விழுந்தாரா? குடும்பத்தில் யாரேனும் இளவயதில் திடீரென இறந்தார்களா? ஆம் என்றால், எக்கோ (இதய ஸ்கேன்) உள்ளிட்ட பரிசோதனைகள் முடியும்வரை விளையாட்டு கூடாது.