மனநோய் மருந்தும் உடல்நலக் கண்காணிப்பும்

மனச்சிதைவு, இருமுனை மனநோய் போன்றவற்றுக்காக ‘ஆன்டிசைக்காட்டிக்’ மருந்து உட்கொள்வோரின் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் காலம் தவறாமல் அளந்து குறித்துவருவதே உடல்நலக் கண்காணிப்பு. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அவர்களில் பெரும்பாலோரின் உயிரைப் பறிப்பவை இதயநோய் முதலான உடல் நோய்கள்.

கடலூர் மாவட்டத்தில் இந்நோயாளிகளுக்கு இரண்டு முக்கிய வாசல்கள் உண்டு. ஒன்று, கடலூர் அரசு தலைமை மருத்துவமனை. மற்றொன்று, 1985இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி; இப்போது அரசின் சுகாதாரத் துறையின்கீழ் மாவட்டத்தின் மருத்துவக் கல்லூரியாகச் சிதம்பரத்தில் இயங்குகிறது. இவற்றோடு மாவட்ட மனநலத் திட்டமும் உள்ளது.

ஆன்டிசைக்காட்டிக் மருந்துகளில் ஓலான்சபின், குளோசபின் இரண்டும் பசியைத் தூண்டுபவை. குரல் கேட்பது நின்று நோயாளி தெளிந்துவிட்டதில் மகிழும் குடும்பம், இரவில் இன்னொரு முறை சோறு கேட்பதையும் குணமானதன் அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறது. சில மாதங்களில் சட்டை இறுகுகிறது. சர்க்கரை ஏறுவது வெளியே தெரிவதில்லை. ரிஸ்பெரிடோன் சில பெண்களுக்கு மாதவிலக்கை நிறுத்திவிடும். கூச்சத்தால் இதைப் பலர் சொல்வதில்லை, ஆகவே மருத்துவர்தான் கேட்க வேண்டும். ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளில் கை நடுக்கம், உடல் விறைப்பு, வாய் தானாக அசைவது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

2004இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவச் சங்கமும் பிற அமைப்புகளோடு சேர்ந்து வகுத்த அட்டவணை இன்றும் உதவுகிறது. மருந்து தொடங்கும்முன் எல்லாவற்றையும் அளக்க வேண்டும். எடையை 4, 8, 12ஆம் வாரங்களிலும், சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தத்தை 12ஆம் வாரத்திலும் மீண்டும் பார்க்க வேண்டும். இடுப்பளவுக்கு ஒரு டேப் போதும்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். இந்தியர்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை.

குளோசபின் தனிக் கவனம் கோருவது. 1975இல் ஃபின்லாந்தில் இம்மருந்தால் ரத்த வெள்ளணுக்கள் சரிந்து 8 பேர் இறந்தார்கள். அதனால்தான் முதல் 18 வாரங்கள் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மலச்சிக்கலையும் அலட்சியப்படுத்தக் கூடாது. இம்மருந்தில் அது குடலடைப்பாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

சர்க்கரைப் பரிசோதனைக்காகக் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வெறும் வயிற்றோடு பேருந்தேறி சிதம்பரம் வந்து வரிசையில் நிற்பது எளிதன்று. உணவு இடைவெளி தேவைப்படாத மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை இங்கே கைகொடுக்கும். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுவாசலிலேயே பார்க்கிறது. அத்திட்டத்தின் பயனாளிகள் பட்டியலில் மனநோய் மருந்து உட்கொள்வோரை, வயது பாராமல், முதலில் சேர்ப்பதே நியாயம். மனநோய்க்கும் உடல்நோய்க்கும் சமமான சிகிச்சை தரவேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 21ஆம் பிரிவில் சொல்கிறது.

எடை கூடியதென்று மருந்தைத் தாமாக நிறுத்துவது நோயைத் திரும்ப அழைப்பதாகும். மருந்தை மாற்றவோ, சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினைச் சேர்க்கவோ மருத்துவருக்கு வழி உண்டு. குடும்பத்தார் ஒரு நோட்டில் எடையையும் சர்க்கரையையும் தேதியோடு எழுதி, ஓ.பி. சீட்டோடு ஒவ்வொரு முறையும் எடுத்துச்செல்ல வேண்டும்.